கயிறு போகிற வழி

கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுப் பின்னுகிற மேக்ரமேயை நான் போன ஓண லீவில்தான் ஆரம்பித்தேன். வீடு குழித்துறைக்குப் பக்கத்தில், வேலை திருவனந்தபுரத்தில், அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன விசேஷமோ அது எனக்கும் விசேஷம். கூட வேலை பார்க்கிற சேச்சி ஒருவர் தன் வீட்டு வராந்தாவில் தொங்கவிட்டிருந்த மணிபிளான்ட் தொட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். வெள்ளைப் பருத்திக் கயிறு, கீழே குஞ்சம், நடுவில் ஒரு முடிச்சு, இரண்டு வளையம் ஒன்றுக்குள் ஒன்று படுத்துக் கிடக்கிற மாதிரி. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது உறியில்லா மோளே?" என்றாள்.

உறியேதான். வடசேரியில் ஆச்சி வீட்டு அடுக்களை உத்தரத்தில் இரண்டு உறி தொங்கும், தும்புக்கயிற்றில், அதாவது தேங்காய் நார்க் கயிற்றில் கட்டியது, ஒன்றில் தயிர்ச்சட்டி, இன்னொன்றில் எனக்கு எட்டாத ஏதோ ஒன்று. பூனைக்கும் எறும்புக்கும் எட்டக்கூடாது என்பதுதான் அதன் வேலை. மலையாளத்திலும் அதற்கு உறி என்றே பெயர், சேச்சியிடம் சொன்னபோது அவருக்கும் அவர் அம்மச்சி வீட்டு உறி ஞாபகம் வந்துவிட்டது. மேலே ஒரு வளையம், அதிலிருந்து மூன்றோ நாலோ கயிறு, கீழே சட்டி உட்கார ஒரு பிடிப்பு. இன்றைக்கு மேக்ரமே பிளான்ட் ஹேங்கர் என்று வாங்குகிறோமே, அதன் எலும்புக்கூடு முழுக்க இதுதான். ஆனால் ஆச்சியின் உறியில் சட்டியைத் தாங்காத முடிச்சு ஒன்றுகூட கிடையாது. சேச்சி வீட்டுத் தொட்டியின் நடுவில் கிடந்த அந்த முடிச்சு எதையும் தாங்கவில்லை, அழகுக்காக மட்டும் இருந்தது. அதைத்தான் நான் கற்றுக்கொள்ள விரும்பினேன்.

முதலில் கையில் கிடைத்த கயிற்றில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். தும்புக்கயிறு விரலைக் கிழிக்கிறது, அதோடு முடிச்சின் கோடு தெரிவதில்லை, எல்லாம் ஒரே ரோமமாக இருக்கிறது. நைலான் வழுக்கிக்கொண்டே போகிறது, பின்னி முடித்துக் கையை எடுத்தால் தானாகத் தளர்கிறது. கடைசியில் ஒரு சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்குள் நுழைந்து 3 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு ஒரு உருண்டை வாங்கினேன். இதில் இரண்டு வகை இருக்கிறது, வாங்குகிறவர்கள் கவனிக்கணும். ஒன்று ஒற்றை முறுக்கு, அதைச் சீப்பால் வாரினால் அப்படியே பஞ்சு மாதிரி விரியும், குஞ்சத்துக்கு நல்லது. இன்னொன்று மூன்று புரி சேர்த்து முறுக்கியது, அது கொஞ்சம் விறைப்பு, முடிச்சு போட்டால் ஒவ்வொரு வளைவும் தெளிவாகத் தெரியும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் மூன்று புரியைத்தான் சொல்வேன், தப்பு எங்கே நடந்தது என்று கண்ணுக்குத் தெரியணும், அதோடு பத்து தடவை அவிழ்த்தாலும் கயிறு பிரிந்து போகக்கூடாது.

எல்லோரும் முதலில் கற்பது ஸ்கொயர் நாட், சதுர முடிச்சு. நாலு இழை, நடுவில் இரண்டு சும்மா நிற்கும், வெளியில் இரண்டு வேலை செய்யும். இடது இழையை நடு இரண்டுக்கும் மேலாக வலதுபக்கம் கொண்டுபோய் வலது இழைக்கு அடியில் விடணும், வலது இழை நடு இரண்டுக்கும் பின்னால் போய் இடதுபக்கத்து வளையத்துக்குள் ஏறி வரணும். இது பாதி. மறு பாதி இதையே வலதிலிருந்து தொடங்கிச் செய்வது. வீடியோவில் பார்த்தால் அரை நிமிஷம். நான் போட்டதோ ஒரு சாண் நீளம் வந்ததும் பாம்பு மாதிரி சுருண்டுகொண்டு திரும்பியது. கயிற்றில்தான் முறுக்கு அதிகம் என்று நினைத்து, முழுக்க அவிழ்த்து, கயிற்றைத் தொங்கவிட்டு முறுக்கெல்லாம் போகச் செய்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் சுருள். இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று.

காரணம் ரொம்பச் சின்னது. இரண்டாம் பாதியையும் நான் இடதிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். ஒரே பாதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அது திரும்பிக்கொண்டேதான் போகும், அதற்கே சுருள் பின்னல் என்று தனியாக ஒரு பெயர் உண்டு, வேண்டுமென்றே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அழகாகவும் இருக்கும். சரி, ஆனால் எனக்கு வேண்டியது தட்டையான பட்டை. நடுவில் போன் வந்தால், கதவைத் தட்டினால், எந்தப் பாதியில் நிறுத்தினோம் என்று மறந்துவிடுகிறது, அங்கேதான் தப்பு நடக்கிறது. இதற்கு எந்த வீடியோவிலும் நான் பார்க்காத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன், வெளி இழைகளில் ஒன்றின் நுனியில் சிவப்பு நூல் கட்டி வைத்துப் பின்னும்போதுதான் தெரிந்தது. சதுர முடிச்சில் முன்னால் போகிற இழை எப்போதும் அதே இழைதான். சிவப்பு இழை முதல் பாதியில் இடதிலிருந்து வலதுக்கு நடு இழைகளின் முன்னால் போகிறது, அடுத்த பாதியில் வலதிலிருந்து இடதுக்கு, அப்போதும் முன்னால்தான். மற்றது எப்போதும் பின்னால். அதனால் இடதா வலதா என்று எண்ணவே வேண்டாம், சிவப்பு எந்தப் பக்கம் கிடக்கிறதோ அங்கிருந்து அதை முன்னால் போடு, அவ்வளவுதான். சுருள் வேண்டுமா, இரண்டு இழையும் முறை வைத்து மாறி மாறி முன்னால் வரட்டும். இது புரிந்த அன்றைக்கு ஒரு மீட்டர் பட்டையை நிமிர்ந்து பார்க்காமல் பின்னினேன், ஒரு இடத்திலும் திரும்பவில்லை.

கயிற்றை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் உறி பாதியிலேயே நின்றுபோனது இதனால்தான். வேலை செய்கிற இழைக்கு, பின்னி முடிக்கிற நீளத்தைப் போல நாலிலிருந்து ஐந்து மடங்கு வேண்டும். நடுவில் சும்மா நிற்கிற இழைக்குக் கிட்டத்தட்ட அந்த நீளமே போதும். கயிற்றை நடுவில் மடித்துக் கம்பில் மாட்டினால் ஒரு கயிறு இரண்டு இழை ஆகிவிடும் என்பதால் மடங்கையும் இரட்டித்துக்கொள்ளணும். நான் எல்லாவற்றையும் 2 மீட்டராக வெட்டி வைத்திருந்தேன். வெளி இழை இரண்டும் தொட்டிக்குக் கொஞ்சம் மேலேயே தீர்ந்துபோய், நடு இழை மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அம்மா, "நடுவையும் ஓரத்தையும் மாத்திப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டாள், கேட்டபோது எரிச்சலாக இருந்தது, ஆனால் அதுதான் சரியான வழி. தீர்ந்துபோகிற இழையை நடுவுக்கு அனுப்பி, நடு இழையை வெளியே கொண்டுவந்து தொடர்ந்தால் சேர்ந்த இடமே தெரியாது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவள் வயர் கூடை பின்னியே என் காலேஜ் பஸ் பாஸுக்குக் காசு கொடுத்தவள். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், எல்லாம் அவள் விரலில் இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பாருங்கள், பார்த்ததும் முடிச்சு கண்ணில் வந்துவிடுகிறது. நெல்லிக்காய் என்றால் உண்மையிலேயே நெல்லிக்காய் மாதிரி மேலே புடைத்து நிற்கும். மேக்ரமேயில் சதுர முடிச்சை மூன்று நாலு போட்டு, நடு இழைகளை மேலே தூக்கி மறுபடி உள்ளே விட்டு, கீழே ஒரு முடிச்சால் பூட்டினால் ஒரு குண்டு மணி மாதிரி வரும், ஆங்கிலத்தில் பெர்ரி நாட் என்கிறார்கள். நான் அதை நெல்லிக்காய் என்றேதான் சொல்கிறேன். வயர் நெல்லிக்காய் போடுகிற முறை வேறு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற காய் ஒன்றுதானே.

கூடைக் கைப்பிடியைப் பார்த்துத்தான் நாலு புரி உருண்டைப் பின்னலும் எனக்குச் சீக்கிரம் வந்தது. மூன்று புரி என்றால் சடை, அது எல்லோருக்கும் தெரியும், தட்டையாக வரும். நாலு புரியில் வலது ஓரத்து இழையை எடுத்து, பக்கத்து இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், திரும்பும்போது ஒன்றின் மேலாக வரவிடணும். அப்புறம் இடது ஓரத்து இழையையும் இதே மாதிரி. மாறி மாறிச் செய்துகொண்டே போனால் உருண்டையாக, உள்ளே இடைவெளி இல்லாமல் வரும். இரண்டு நிறக் கயிறு எடுத்தால் நிறம் சுற்றிச் சுற்றி இறங்குவது தெரியும். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை, பத்து நிமிஷ வேலை.

மேக்ரமே என்ற சொல் அரபியில் இருந்து வந்தது, மிக்ரமா. துருக்கியில் அது மக்ரமா ஆகி, துவாலை மாதிரியான துணிக்குப் பெயராக இருந்து, இத்தாலியின் ஜெனோவா பக்கம் போய்ச் சேர்ந்தது. தறியில் நெய்து முடித்த துணியின் ஓரத்தில் தொங்குகிற பாவு நூல்களை அவிழாமல் முடிந்து வைப்பதுதான் இந்தக் கலையின் தொடக்கம். இதைப் படித்த அன்று கொடியில் காய்ந்த துவர்த்தை, குளித்துத் துவட்டுகிற துண்டை, எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் நூலை நூலோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள். பட்டுச்சேலை வாங்கியதும் முந்தானைக்குக் குஞ்சம் கட்டக் கொடுக்கிறோமே, அதுவும் இதே வேலைதான், இதே இடத்தில்.

எங்கள் பக்கத்துக்கு இதில் இன்னொரு உறவும் இருக்கிறது. லேஸை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள், போர்ச்சுகீசியச் சொல். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார், அதன்பிறகு தலைமுறை தலைமுறையாக இங்கே பெண்கள் அதைச் செய்து சம்பாதித்தார்கள். திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை ஜோடி ஜோடியாகத் தூக்கிப் போட்டுப் பின்னுவது அது. அதில் இரண்டே அசைவுகள், குறுக்கே போடுவது, முறுக்குவது. மேக்ரமே அதற்கு அக்கா தங்கை முறை, கட்டை கிடையாது, விரலாலேயே முடிச்சு. ஆனால் குண்டூசியை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தெர்மோகோல் பலகையில் கயிற்றைப் பரப்பி, வளைவு வருகிற இடத்தில் எல்லாம் குத்தி வைத்தால், பின்னுகிறபோது முடிச்சு நகராமல் கிடக்கும்.

சரி, அந்த நடு முடிச்சுக்கு வருகிறேன். ஜோசபின் நாட். கப்பல்காரர்கள் இதையே கேரிக் பெண்ட் என்று சொல்லி இரண்டு கனமான கயிறுகளை ஒன்றோடு ஒன்று இணைக்கப் பயன்படுத்தினார்கள். முதல் கயிறை மேசைமேல் வைத்து ஒரு வளையம் போடுங்கள், வால் தலைக்கு அடியில் போகணும். இரண்டாவது கயிறை அந்த வளையத்தின் மேல் குறுக்காகப் படுக்க வையுங்கள். அப்புறம் அதன் முனை முதல் கயிற்றின் வாலுக்கு அடியில் போகும், தலைக்கு மேலே போகும், வளையத்தின் ஓரத்துக்கு அடியில் நுழையும், உள்ளே கிடக்கிற தன் உடம்புக்கே மேலே ஏறும், மறுபடி வளையத்து ஓரத்துக்கு அடியில் போய் வெளியே வரும். மொத்தம் எட்டு இடத்தில் கயிறு கயிற்றைத் தாண்டுகிறது. சரியா என்று பார்க்க ஒரே சோதனை, எந்த முனையிலிருந்து விரலை ஓட்டினாலும் மேல், கீழ், மேல், கீழ் என்றே வரணும், எங்கேயாவது இரண்டு மேல் சேர்ந்து வந்தால் அங்கே தப்பு.

வழி எனக்கு ஒரே நாளில் பிடிபட்டது. ஓலை முடைவதைப் பார்த்து வளர்ந்த ஊரில் மேல் கீழ் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஆனால் முடிச்சு வரவே இல்லை. மேசைமேல் தளர்வாகக் கிடக்கும்போது தாமரை மாதிரி இருக்கும், முனைகளைப் பிடித்து இழுத்ததும் குப்பென்று மடிந்து ஒரு கட்டியாகிவிடும். பின்னுவேன், இழுப்பேன், கட்டி. வேறு கயிறு வாங்கணுமோ என்றுகூட யோசித்தேன்.

அம்மாவோடு படித்தவர் ஒருவரின் அண்ணன் தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கிறார், நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர், இப்போது முட்டுவலியால் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவரைப் பார்த்தோம். நான் பையிலிருந்து கயிற்றை எடுத்து முடிச்சைப் போட்டு, "மாமா, இது இறுக்கினா செத்துப் போவுது, என்ன செய்ய?" என்று கேட்டேன். அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெயர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எப்படிப்பட்ட முடிச்சு என்று உடனே தெரிந்துகொண்டார். "இது இழுத்தா உருளும் மோளே, உருளத்தான் செய்யும். ரெண்டு வடத்தைச் சேர்க்கதுக்கு உருண்டாத்தான் நல்லது. உனக்கு அழகு வேணும்னா முனையைத் தொடாத. வயத்தில இருந்து பைய தள்ளிக் குடு."

அதாவது, தொங்குகிற முனையை இழுக்காமல், முடிச்சுக்குள் எங்கே கயிறு அதிகமாகக் கிடக்கிறதோ அந்த வளைவை விரலால் தள்ளி அடுத்த வளைவுக்கு அனுப்பணும், அங்கிருந்து அடுத்ததற்கு, இப்படியே கயிற்றின் போக்கிலேயே கடத்திக்கொண்டுபோய்க் கடைசியில் முனை வழியாக வெளியே எடுக்கணும். ஒரு சுற்றில் ஒரு விரற்கடைக்கு மேல் எடுக்கக்கூடாது. முழுக்க ஒரு சுற்று போய்விட்டு மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்து இன்னும் கொஞ்சம். அவர் செய்து காட்டினார். அந்தப் பெரிய விரல்கள் கயிற்றை இழுக்கிற மாதிரியே தெரியவில்லை, தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது, மூன்றாவது சுற்றில் முடிச்சு சேச்சி அனுப்பிய படத்தில் இருந்ததைவிடச் சமமாக உட்கார்ந்துவிட்டது. பந்தியில் இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்குப் பிறகு எனக்கு மேக்ரமே வேறாகிவிட்டது. பின்னுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகிற முடிச்சுக்கு இறுக்குவதற்குப் பத்து நிமிஷம் கொடுக்கிறேன். வீடியோக்களில் இந்தப் பத்து நிமிஷத்தை வெட்டிவிடுகிறார்கள், தளர்வான முடிச்சைக் காட்டிவிட்டு அடுத்த காட்சியில் முடிந்துபோன முடிச்சு, அந்த இடைவெளியில்தான் முழு வேலையும் இருக்கிறது, புதிதாகக் கற்கிறவர்கள் அங்கேதான் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். யாராவது அந்த இறுக்குதலை மட்டும் பொறுமையாகப் படம் எடுத்துப் போட்டால் எத்தனையோ பேருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது டர்க்ஸ் ஹெட், தலைப்பாகை முடிச்சு. எனக்கு இதில்தான் ஆசை அதிகம். ஒரு குழாயையோ, கம்பையோ, பாட்டில் கழுத்தையோ சுற்றிப் போடுகிற பின்னல் வளையம், பார்த்தால் தொடக்கமும் தெரியாது முடிவும் தெரியாது. பாய்மரக் கப்பல்களில் சுக்கான் சக்கரத்தின் ஒரு ஆரத்தில் மட்டும் இதைக் கட்டி வைப்பார்களாம், அந்த ஆரம் நேர்மேலே நின்றால் சுக்கான் நேராக இருக்கிறது என்று அர்த்தம், கும்மிருட்டிலும் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அழகுக்கென்று நான் நினைத்த முடிச்சுக்கு இப்படி ஒரு வேலை இருந்தது என்பது மனசுக்கு ரொம்பப் பிடித்தது.

இதன் ரகசியம் நம் வீட்டுச் சடைதான். மூன்று புரிச் சடையைப் பின்னி, அதன் வாலைத் தலையோடு வட்டமாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அதுதான் மூன்று இழை டர்க்ஸ் ஹெட். ஆனால் சடைக்கு மூன்று இழை வேண்டும், இதை ஒரே கயிற்றால் போடுகிறார்கள். இடது கை விரல்களில் ஒரு சுற்று, அதைக் குறுக்கே தாண்டி இன்னொரு சுற்று, முனையை ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் நுழைத்துவிட்டு, கையைத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இரண்டு இழையில் ஒன்றை மற்றதன் மேல் தூக்கி மாற்றிப் போட்டு, நடுவில் திறக்கிற இடைவெளிக்குள் முனையை விடணும். இப்படியே மாற்றி, விட்டு, மாற்றி, விட்டுக்கொண்டு போனால் முனை தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அங்கிருந்து அதே கயிற்றை முதல் தடத்துக்குப் பக்கத்திலேயே, எப்போதும் ஒரே பக்கமாக, இன்னும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஓட்டினால் பின்னல் இரட்டையாகும், மும்மடங்காகும். காலை ரயிலில் பாறசாலை தாண்டுவதற்குள் ஒன்று போட்டு, நெய்யாற்றின்கரை வருவதற்குள் அவிழ்த்து, மறுபடி போடுவேன். பக்கத்தில் உட்கார்கிறவர்கள் கேட்பார்கள், பாதிப் பேருக்குத் தமிழில் சொல்வேன், மீதிப் பேருக்கு மலையாளத்தில்.

விரலில் நன்றாக வந்ததும் பெரியதாக ஒன்று போடலாம் என்று, ஊறுகாய் பாட்டிலின் கழுத்து அளவுக்கு அட்டைக்குழாய் எடுத்து, இரண்டு ஓரத்திலும் ஆறு ஆறு குண்டூசி குத்தி, ஓரத்துக்கு ஆறு வளைவு வருகிற மாதிரி கயிற்றை வளைத்து வளைத்துக்கொண்டு போனேன். ஒரே சுற்றில் கயிறு தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் மூன்றில் இரண்டு பங்கு குண்டூசி சும்மா நிற்கிறது, கயிற்றுக்குப் போக வழி இல்லை. அழித்துவிட்டு மறுபடி, அதே கதை. ஐந்து வளைவில் வந்தது, நாலில் வந்தது, ஆறில் மட்டும் வரவில்லை.

விடை கிடைத்தது ஒரு சனிக்கிழமை, மார்கழியில், ஆச்சி வீட்டு வாசலில். ஆச்சிக்கு இப்போது குனிய முடியாது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள், நான் போடுவேன். சிக்குக் கோலம். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றி வருகிற மாதிரி சாய்வாகக் கம்பி இழுத்தேன், முதல் கம்பி பாதியிலேயே மூடிக்கொண்டது. "மூணுக்கு மூணு ஒத்தக் கம்பியில வராதுட்டி," என்றாள் ஆச்சி, "மூணுக்கு நாலு வை, ஒரே இழையா ஓடும்." வைத்தேன், ஓடியது. நாலுக்கு ஆறு இரண்டு கம்பி. ஐந்துக்கு ஆறு ஒரே கம்பி. புள்ளி வரிசை இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கிற எண்களில் பெரியது எதுவோ, அத்தனை கம்பி. மூன்றையும் ஆறையும் மூன்று வகுக்கும், அதனால் மூன்று தனித்தனிக் கம்பி.

கோலப்பொடி கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டர்க்ஸ் ஹெட்டுக்கும் விதி இதுவேதான், மூன்று இழைக்கு ஆறு வளைவு ஒரே கயிற்றில் வரவே வராது, மூன்று தனி வளையமாகத்தான் விழும். நாலு, ஐந்து, ஏழு, எட்டு வரும். ஒன்பது வராது. சிக்குக் கோலத்தின் கம்பி தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மேல் கீழ் என்று மாற்றிக்கொண்டே போனால் அது கோலமாக இல்லாமல் கயிற்றுப் பாயாகிவிடும். அதுபோக ஜோசபினின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து மூடினால் கிடைக்கிற தட்டையான பாய், மூன்று இழைக்கு நாலு வளைவு போட்ட டர்க்ஸ் ஹெட்டேதான். நான் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருந்த இரண்டும் ஒன்றாக வந்து நின்றது. ஆச்சியிடம் விளக்கினேன். அவள் கயிற்றை வாங்கிப் பார்த்து, "கம்பி போற மாதிரிதான் போவுது," என்று சொல்லிவிட்டு, மூன்றாவது புள்ளியில் நான் விட்டுவிட்ட வளைவைக் காட்டினாள்.

பாட்டிலுக்கு ஏழு வளைவு போட்டேன், மூன்று தடம் ஓட்டினேன். இறுக்குவதற்குச் சாக்கு ஊசியின் மழுங்கிய பக்கம் நன்றாக உதவுகிறது, இழைக்கு அடியில் விட்டு மெதுவாக நெம்பினால் தளர்வு வெளியே வரும். ஒரு தடம் முழுக்க ஒரு சுற்று, அப்புறம் அடுத்த தடம், மொத்தம் ஐந்து தடவை சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதற்கே போயிற்று. முடிந்தபோது பாட்டிலைத் திருப்பினாலும் வளையம் அசையவில்லை.

இப்போது அம்மாவுக்காக ஒரு உறி கட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு கயிறு, ஒவ்வொன்றும் 5 மீட்டர், மேலே வளையத்தில் நடுவே மடித்து மாட்டி எட்டு இழையாக்கி, மேலே நாலு நாலாகப் பிரித்து உருண்டைப் பின்னல், நடுவில் அந்த நாலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துப் போட்ட ஜோசபின், அதற்குக் கீழே தொட்டி உட்கார இடம். நனைந்த மண்ணோடு தொட்டி நல்ல கனம் இருக்கும், அதனால் அடியில் எட்டு இழையையும் சேர்த்துக் கட்டுகிற கட்டை மட்டும் நான் அழகு பார்க்கவில்லை, இன்னொரு கயிற்றால் பத்துச் சுற்று சுற்றி, முனையை உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டேன். அதற்கும் கீழே குஞ்சத்துக்கு முன்னால் ஒரு குண்டு வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் பெர்ரி நாட் போட்டுக் காட்டினேன், அவளுக்குப் பிடிக்கவில்லை, சின்னதாக இருக்கிறதாம். கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷமாக விரல் வலி என்று வயர் கூடையைத் தொடாதவள், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பருத்திக் கயிற்றில் நெல்லிக்காய் போட ஆரம்பித்தாள். கயிறு வயர் மாதிரி விறைப்பாக நிற்பதில்லை என்று முனகிக்கொண்டே மூன்று தடவை அவிழ்த்தாள். நாலாவது தடவை முடிச்சைத் தளர்வாகவே விட்டு, என்னைக் கூப்பிட்டு, "இனி நீ பைய இறுக்கு," என்று நீட்டினாள்.